பெர்னார்டின் இடது குதிகால்

"எந்தக் கால்?" என்று டாக்டர் ஓஸ்வால்ட் பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு கேட்டபோது, பெர்னார்டுக்கு இரண்டு காலும் நன்றாகத்தான் இருந்தன.

மற்ற இடங்களில்தான் கோளாறு. ஒரு வாரமாக மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. சாப்பிட்டால் நெஞ்செரிச்சல், சாப்பிடாவிட்டால் தலைவலி. ஆனால் சளிக்கும் நெஞ்செரிச்சலுக்கும் தினமும் ஒரு மணி நேரம் தாமதமாக வரச் சொல்லி எந்தக் கம்பெனியும் அனுமதி கொடுப்பதில்லை.

"நீங்களே ஒண்ணப் பாத்துப் போடுங்க டாக்டர்."

"பாத்துப் போடறதுக்கு இது என்ன சட்டைத் துணியா? இடதா, வலதா? வெளிய ஒன்பது பேர் உக்காந்திருக்காங்க."

"இடது."

"இடது குதிகால் வீக்கம். மூணு வாரத்துக்குத் தினமும் காலையில பிசியோதெரபி. போதுமா?"

"போதும் டாக்டர். அப்படியே இன்னொண்ணும் வேணும். பத்து கிலோமீட்டர் ஓடறதுக்கு எனக்கு உடம்பு நல்லா இருக்குன்னு ஒரு ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்."

டாக்டர் ஓஸ்வால்ட் இருபத்தைந்து வருடமாக ஆஸ்டின் டவுனில் வைத்தியம் பார்ப்பவர். ஆச்சரியப்படுவதையெல்லாம் எப்போதோ விட்டுவிட்டார். அடுத்த தாளைப் புரட்டி, அதே பேனாவால் அதே தேதியைப் போட்டு, இவர் ஓடுவதற்கு எல்லா வகையிலும் தகுதியானவர் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

பெர்னார்ட் ஒன்றும் பொய் சொல்லிப் பிழைக்கிறவர் இல்லை. தொம்மலூரில் மின்சார மீட்டர் செய்கிற ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் சூப்பர்வைசர். நாற்பத்து நான்கு வயது. பதினெட்டு வருட சர்வீஸில் ஒரு மெமோ வாங்கியதில்லை. அவரை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது போன வருடத்து ஆம்புலன்ஸ்.

கம்பெனியில் ஒவ்வொரு டிசம்பரிலும் பத்து கிலோமீட்டர் ஓட்டம் உண்டு. போன வருடம், அதாவது தொண்ணூற்று ஏழில், பெர்னார்ட் எந்தப் பயிற்சியும் இல்லாமல் ஓடி, ஆறாவது கிலோமீட்டரில் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டது. அதோடு விட்டிருக்கலாம். டிரைவர் முனியப்பனுக்கு வேலையில் அக்கறை அதிகம். சைரன் போட்டுக்கொண்டு முன்னால் ஓடிய எல்லோரையும் தாண்டி வந்து, கம்பெனி வாசலில் முதல் ஆளுக்காகக் கட்டியிருந்த ரிப்பனை ஆம்புலன்ஸாலேயே அறுத்துக்கொண்டு உள்ளே போனார். பின்கதவைத் திறந்ததும் பெர்னார்ட் இறங்கினார். விஷயம் தெரியாத சிலர் கை தட்டினார்கள். கூட்டத்தில் அவருடைய பதினோரு வயது மகள் நிக்கோலும் நின்றிருந்தாள். அவள் கை தட்டவில்லை.

இந்த வருடம் பெர்னார்ட் பெயர் கொடுத்துவிட்டு வந்து சொன்னபோது, நிக்கோல் வீட்டுப் பாடத்திலிருந்து தலையைத் தூக்காமல் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"லாஸ்டா வந்தாலும் பரவால்ல டாடி. நடந்து வாங்க. வண்டியில வராதீங்க."

அது பெர்னார்டுக்கு எங்கோ போய்க் குத்தியது. மறுநாளே விடியற்காலையில் எழுந்து ஓட ஆரம்பித்தார். நாலு நாள் ஒழுங்காக ஓடினார். ஐந்தாம் நாள் அவருடைய மேனேஜர் ராகேஷ், துபாய்க்கு நாற்பதாயிரம் மீட்டர் அனுப்ப வேண்டும், டெஸ்பாட்ச் செக்‌ஷன் முழுவதும் இனிமேல் எட்டரைக்குப் பதிலாக ஏழரைக்கே வர வேண்டும் என்று உத்தரவு போட்டார். முப்பத்தோரு வயது, எம்.பி.ஏ., பேசும்போதெல்லாம் ஒரு கையில் போன். சாயங்காலம் ஓடலாம் என்றால் அதே ராகேஷ் எட்டு மணிக்கு முன்னால் யாரையும் விடுவதில்லை. விட்ட பிறகு பெர்னார்டுக்கு ஓடுவது கிடக்கட்டும், செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பு இருப்பதில்லை.

ஆகவேதான் குதிகால்.

திட்டம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. குதிகால் சர்டிஃபிகேட்டை உடனே பர்சனல் டிபார்ட்மென்டுக்குக் கொடுத்து, காலையில் ஒரு மணி நேரம் பர்மிஷன் வாங்கிக்கொள்வது. அந்த நேரத்தில் ஓடுவது. ஓட்டத்தில் சேர வேண்டிய ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்டும் அதே டிபார்ட்மென்டுக்குத்தான் போக வேண்டும். அதைக் கடைசித் தேதியன்று, கூட்டத்தோடு கூட்டமாக, யாரும் படித்துப் பார்க்காத நேரத்தில் நீட்டிவிடுவது.

திங்கட்கிழமை காலை, செக்‌ஷன் அட்டெண்டர் கோவிந்தப்பாவிடம் கவரைக் கொடுத்து அனுப்பினார். ரிடையராக இரண்டு வருடம் இருக்கிற மனிதர். கம்பெனியில் எந்தக் காகிதம் எந்த மேசையில் தூங்கும், எதை எழுப்பினால் எழுந்திருக்கும் என்று எல்லாம் தெரிந்தவர். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

"ஆயித்து சார், வேலை முடிஞ்சுது. மூணு வாரம் நீங்க எட்டரைக்கு வந்தா போதும். பர்சனல்ல சரளா மேடம் சீல் போட்டுட்டாங்க."

பெர்னார்டுக்கு அன்றைக்கு நெஞ்செரிச்சல்கூட இல்லை. வீட்டுக்குப் போய் ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்டைப் பத்திரப்படுத்தலாம் என்று தேடினார். வைத்த இடத்தில் காணோம்.

"பிரிஜெட், மேசை மேல டாக்டர் காகிதம் ஒண்ணு இருந்துச்சே?"

"ரெண்டு இருந்துச்சு," என்றாள் மனைவி பிரிஜெட். "நீங்க ஒண்ண மட்டும் கவர்ல போட்டு வெச்சிருந்தீங்க. எப்பவும் பாதிய மறந்துட்டுப் போறதுதான உங்க வழக்கம். நான்தான் இன்னொண்ணையும் உள்ள வெச்சு ஒட்டினேன்."

பெர்னார்ட் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரே டாக்டர், ஒரே தேதி, ஒரே கவர். ஒரு தாள் இந்த ஆளால் ஒழுங்காக நடக்க முடியாது என்கிறது. இன்னொரு தாள் பத்து கிலோமீட்டர் ஓடுவார் என்கிறது.

"என்னாச்சு? ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?"

"ஒண்ணுமில்ல. நெஞ்செரிச்சல்," என்றார். அதற்குள் அது உண்மையாகவே வந்துவிட்டிருந்தது.

பயத்துக்குக் காரணம் பர்சனல் மேனேஜர் சீனிவாசராகவன். முதுகுவலி என்று சிக் லீவ் போட்டுவிட்டு, மச்சான் கல்யாண ஊர்வலத்தில் தமட்டை மேளத்துக்கு ஆடிய பெயிண்ட் ஷாப் விக்கியை ஒரு மாதம் சஸ்பெண்ட் செய்தவர் அவர்தான். கல்யாணத்துக்கு அவரையும் அழைத்திருந்தது விக்கியின் தவறு.

மறுநாள் கோவிந்தப்பாவைத் தனியாகப் பிடித்தார் பெர்னார்ட்.

"நேத்து கவர்ல இருந்தத எல்லாம் குடுத்துட்டீங்களா?"

"நீங்க தலைய உடைச்சுக்காதீங்க சார். குடுக்க வேண்டியத குடுத்தாச்சு."

போச்சு, என்று நினைத்தார் பெர்னார்ட். அன்று காலை முழுவதும் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். சரளா மேடம் எதையும் படிக்காமல் சீல் போடுகிறவள். குதிகால் தாள் பர்மிஷன் ஃபைலுக்குப் போயிருக்கும், ஃபிட்னஸ் தாள் ஸ்போர்ட்ஸ் ஃபைலுக்குப் போயிருக்கும். இரண்டு ஃபைலும் ஒன்றையொன்று சந்திக்காத வரை ஆபத்தில்லை. யாருக்கும் சந்தேகம் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். அதற்கு ஒரே வழிதான் இருந்தது. ஆபீஸில் நொண்ட வேண்டும்.

அன்று மத்தியானத்திலிருந்து பெர்னார்ட் இடது காலை நொண்ட ஆரம்பித்தார்.

காலை ஆறரைக்கு அல்சூர் ஏரியைச் சுற்றி ஓட்டம். எட்டரையிலிருந்து நொண்டல். குடோனுக்கும் ஆபீசுக்கும் ஒரு நாளைக்கு முப்பது நடை. ஓடுவதைவிட நொண்டுவதுதான் களைப்பாக இருந்தது. காலில் கட்டு இல்லாமல் நொண்டுவது நம்பும்படி இல்லை என்று பட்டதால், மருந்துக் கடையில் கிரேப் பேண்டேஜ் வாங்கினார். அதைக் கட்டியதும் இடது கால் ஷூவில் நுழையவில்லை. ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் ஹவாய் செருப்புமாகப் போனார். இதுவரை கவனிக்காதவர்களும் அதன் பிறகு கவனித்தார்கள்.

"காலுக்கு என்ன சார்?" என்று சரளா மேடம் கேண்டீன் வரிசையில் கேட்டாள்.

இவள் ஆழம் பார்க்கிறாள் என்று பெர்னார்டுக்குத் தோன்றியது. "குதிகால் மேடம். டாக்டர் எழுதியிருக்காரே."

"ஐயோ பாவம். இந்தக் காலோட எப்படி சார் சமாளிப்பீங்க?" என்றாள் அவள். அந்தக் கேள்வியின் தொனியைப் பற்றி அவர் அன்று மாலை வரை யோசித்துக்கொண்டிருந்தார். துபாய் பெட்டிகள் பன்னிரண்டில் தவறான லேபிள் ஒட்டியதும் அதனால்தான். ராகேஷ் போனை ஒரு கையால் பொத்திக்கொண்டு கத்தியதும் அதனால்தான்.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை, ஏரிக்கரையில் நல்ல பனி. பெர்னார்ட் மூன்றாவது சுற்றில் இருந்தார். மூக்கு அடைத்திருந்தாலும் கால்கள் தங்கள் பாட்டுக்கு ஓடின. இந்த வருடம் முடித்துவிடுவோம் போலிருக்கிறதே என்று முதல் முறையாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அப்போது பனிக்குள்ளிருந்து மங்கி கேப்பும் மஃப்ளருமாக ஒரு உருவம் எதிரே வந்தது. சீனிவாசராகவன்.

இருபதடி தூரத்தில் பெர்னார்ட் சட்டென்று நொண்டலுக்கு மாறினார்.

"பெர்னார்டா? என்னய்யா இது, நன்னா ஓடிண்டு இருந்தீர், திடீர்னு நொண்டறீர்?"

"டாக்டர் நடக்கச் சொன்னார் சார். பிசியோதெரபி."

"இந்தப் பனியிலயா?" சீனிவாசராகவன் குனிந்து பார்த்தார். "ஆபீஸ்ல இடது கால்லதானே கட்டு போட்டிருந்தீர்? இப்ப வலது கால நொண்டறீரே?"

பெர்னார்ட் தன் கால்களைப் பார்த்தார். பதற்றத்தில் கால் மாறியிருந்தது.

"ரெண்டும்தான் சார்," என்றார்.

"ரெண்டுமா? ஜாக்கிரதை ஓய். உடம்பக் கெடுத்துக்காதீர்." அவர் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். நாலு எட்டு வைத்து ஒரு தடவை திரும்பியும் பார்த்தார். ஏரியைத் தாண்டும் வரை பெர்னார்ட் நொண்டிக்கொண்டே போக வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து ஆபீஸில் இரண்டு காலும் நொண்ட வேண்டும். இதை யோசித்துப் பார்க்கிறவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். ஒரு காலை நொண்டுகிறவன் இன்னொரு காலை நம்பி நொண்டுகிறான். இரண்டும் சரியில்லை என்றால் எதை நம்புவது? பெர்னார்ட் வாத்து மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து நடந்தார். அந்த நடையை வீட்டில் கண்ணாடி முன்னால் பழகும்போது பிரிஜெட் பார்த்துவிட்டாள்.

"ஏங்க, ஆபீஸ்ல ரொம்ப டென்ஷனா?" என்று மெதுவாகக் கேட்டாள். "வேணும்னா ஃபாதர்கிட்ட ஒரு தடவை பேசிப் பாக்கலாமா?"

வாத்து நடை நாலாம் நாள் பலித்தது. வலது குதிகாலில் உண்மையாகவே வலி வந்துவிட்டது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கினால் ஆணி ஏறுவது போலிருந்தது. நொண்டாமல் ஓடிக்கொண்டு மட்டும் இருந்திருந்தால் அந்தக் காலுக்கு ஒன்றும் வந்திருக்காது. பெர்னார்ட் ஓஸ்வால்டிடம் ஓடினார், அதாவது ஆட்டோவில் போனார்.

"இப்ப நிஜமாவே வலிக்குது டாக்டர்."

"எந்தக் கால்?"

"வலது."

"நாமதான் இடதுன்னு எழுதியிருக்கோமே?"

"சர்டிஃபிகேட் வேண்டாம் டாக்டர். வைத்தியம் பாருங்க."

"அப்படித் தெளிவா சொல்லுங்க," என்ற ஓஸ்வால்ட், மாத்திரை எழுதி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பத்து நாள் ஓடாமல் இருக்கச் சொன்னார். ஓட்டத்துக்கு ஐந்து நாள் இருந்தது. அந்த மாத்திரை நெஞ்செரிச்சலை இரண்டு மடங்காக்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை, வலது குதிகாலில் பேண்டேஜை இறுக்கிக் கட்டிக்கொண்டு பெர்னார்ட் ஓட்டத்தில் நின்றார். கம்பெனி வாசலில் தொடங்கி, அல்சூர் ஏரியைச் சுற்றிவிட்டுத் திரும்ப வாசலுக்கே வர வேண்டும். முதல் ஐந்து கிலோமீட்டர் வலியோடு ஓடினார். அடுத்த இரண்டில் வலி மரத்துப் போனது. போன வருடம் உட்கார்ந்த நடைபாதையைத் தாண்டும்போது அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. எட்டாவது கிலோமீட்டரில் அவருக்குப் பின்னால் யாருமே இல்லை, ஆம்புலன்ஸைத் தவிர. அது அவர் வேகத்துக்கு உருண்டு வந்துகொண்டிருந்தது. முனியப்பன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"சார், ஏறிக்கிறீங்களா? ஏசி போட்டு வெச்சிருக்கேன்."

"வேணாம் முனியப்பன்."

"கூச்சப்படாதீங்க சார். பழகின வண்டிதான."

கடைசி வளைவு திரும்பியதும் வாசல் தெரிந்தது. இன்னும் இருநூறு மீட்டர். வாசலில் பிரிஜெட் நின்றாள். பக்கத்தில் நிக்கோல், எம்பி எம்பிப் பார்த்துக்கொண்டு. அவளுக்கு ஒரு கை தூரத்தில், கையில் பேடும் பேனாவுமாக, வந்து சேருகிறவர்களின் நம்பரைக் குறித்துக்கொண்டு சீனிவாசராகவன் நின்றார்.

பெர்னார்டின் கால் தானாகவே வேகம் குறைத்தது. அந்த மனிதர் கண் முன்னால் ஓடிப் போய் நிற்பதும், மூன்று வாரம் பொய் சொன்னேன் என்று எழுதிக் கொடுப்பதும் ஒன்றுதான். விக்கிக்கு ஒரு மாதம் என்றால் சூப்பர்வைசருக்கு எவ்வளவோ. ஆம்புலன்ஸில் ஏறிவிட்டால் கதை முடிந்தது. கால் சரியில்லாதவன், ஆசைக்கு முயற்சி செய்தான், முடியவில்லை. எல்லாத் தாளும் ஒன்றுக்கொன்று பொருந்திவிடும். பின்னால் முனியப்பன் ஒரு தடவை ஹாரன் அடித்தார்.

அப்போது நிக்கோல் ஆம்புலன்ஸைப் பார்த்துவிட்டாள். எம்புவதை நிறுத்திவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெர்னார்டுக்கு வந்த கோபம் யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை. ராகேஷ் மேல், துபாய் மேல், இடது கால் மேல், வலது கால் மேல். எல்லாவற்றையும்விடத் தன் மேல். மெமோ கொடுத்தால் கொடுக்கட்டும். வேலை போனால் போகட்டும். இந்தப் பெண் இன்னொரு தடவை அந்தப் பின்கதவு திறப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. பெர்னார்ட் ஓடினார். நொண்டாமல், நிமிர்ந்து, முழு மனிதனாக ஓடினார். ஒரு மணி இருபத்தோரு நிமிடம். நூற்றுப் பதினான்காவது ஆள், மொத்தம் நூற்றுப் பதினான்கு பேர். நிக்கோல் பாய்ந்து வந்து வியர்வைச் சட்டையோடு அவரைக் கட்டிக்கொண்டாள். பெர்னார்டுக்குக் கண் கலங்கிவிட்டது. சளிதான் என்று சொல்லி மூக்கை உறிஞ்சினார்.

சீனிவாசராகவன் பேடில் நம்பரைக் குறித்தார். பெர்னார்டின் காலை ஒரு தடவை, முகத்தை ஒரு தடவை பார்த்தார். பரிசு கொடுக்கிற மேடைப் பக்கம் நடந்துவிட்டார்.

பெர்னார்ட் வேப்ப மரத்தடியில் போய் உட்கார்ந்தார். கோவிந்தப்பா குளுகோஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"கோவிந்தப்பா, நான் முடிவு பண்ணிட்டேன். நாளைக்கு நானே சாரைப் போய்ப் பாக்கப் போறேன். அந்தக் குதிகால் சர்டிஃபிகேட் பொய்னு சொல்லிடறேன். என்ன தண்டனை குடுத்தாலும் சரி."

கோவிந்தப்பா காலி டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"கவரைப் பிரிச்சு ரெண்டையும் பாத்துட்டு அந்தக் குதிகால் காகிதத்த நான் அன்னைக்கே கிழிச்சுப் போட்டுட்டேனே சார், ஃபிட்னஸ் காகிதத்தப் பாத்ததும், ஓடுறவங்களுக்கு இந்த வருஷம் பிராக்டீசுக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் உண்டுன்னு சரளா மேடம் அதுலயே சீல் போட்டுட்டாங்க, ஆமா, நானே கேக்கணும்னு இருந்தேன், நீங்க எதுக்கு சார் மூணு வாரமா நொண்டிக்கிட்டு இருந்தீங்க?"